சட்டைக்கு வெளியே தொங்கும் அட்டை

கை நடுக்கத்துக்காக என் கணவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் மூளையில் மெல்லிய கம்பி வைத்தார்கள். அதன் பேட்டரி நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருக்கிறது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் இதை யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன அதே வாரம், அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஜார்ஜ் டவுனில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனோம். அங்கே மாப்பிள்ளையின் அம்மா, கடலுக்கு அக்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து மூட்டுவலிக்காக வந்து உட்கார்ந்திருந்தார்!

"ஆண்டி, அங்கிள் உடம்புல கம்பி, பேட்டரி ஏதாச்சும் வச்சிருக்கா?" என்று அங்கு வேலை செய்யும் பெண் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன், மாப்பிள்ளை வீட்டம்மாவுக்குக் கேட்கும்படி. கணவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார்.

மின்காந்த அலையால் சூடேற்றும் இயந்திரத்தைத் தோளருகே நகர்த்தி, சட்டையை விலக்கியவள் நெஞ்சில் பேட்டரி புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன ஆண்டி! ஆன் பண்ணியிருந்தா சூடு கம்பி வழியா மூளைக்கே போயிருக்கும் லா!"

எனக்கு அழுகைதான் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதைப் போய் மறைப்பாங்களா, சம்பந்தி?"

அதுவரை அவர் என்னை அப்படி அழைத்ததில்லை.

இப்போது, கம்பி வைத்த விவரம் எழுதி மருத்துவமனை கொடுத்த அட்டையைச் சட்டைக்கு வெளியே தெரிய என் கணவர் கழுத்தில் மாட்டிவிடுகிறேன். எந்த கிளினிக்கிலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் அதைக் கழற்றச் சொன்னார். நான் விடவில்லை. அந்த கிளினிக் பெண்ணையும் கூப்பிட்டு, போட்டோவில் என் கணவர் பக்கத்தில் நிற்க வைத்தேன்.