ஞாயிற்றுக்கிழமைக் கரி

ஒரு கடிதம் வந்தது. தேதி இல்லை. தேதி போடாமல் கடிதம் எழுதுகிறவர்களை என்ன செய்வது? நானே பென்சிலால் மேல் மூலையில் எழுதிக்கொண்டேன்: ‘கைக்குக் கிடைத்தது புதன், மாலை 5.40.’

எங்கள் தெரு சங்கத்தின் கடிதம். கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா, மாதக் கடைசிக்குள் விறகு அடுப்பை எடுத்துவிட வேண்டும். காரணம்? வீட்டுச் சுவர், காயப்போட்ட துணி, குழந்தைகளின் மூக்கு என எல்லாவற்றிலும் படிகிற கரி.

சரி, நியாயமான கவலைதான். அடுத்த வரியில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘நம் தெருவாசி ஒருவரின் டைரிக் குறிப்புப்படி காலை ஆறு முதல் ஒன்பது வரை கரி அதிகம். அந்த நேரத்தில் எரிவது ஸ்டெல்லாவின் அடுப்பு.’

அந்தத் தெருவாசி... நான்தான்!

போன மாதக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே, டைரியை எடுத்துப் படித்தேன். எல்லாரும் “டம்ப் தூசி, டம்ப் தூசி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எது பறந்தாலும் பழி சயனைட் டம்ப்பின் மேல்தான். மூடிப்போன தங்கச் சுரங்கம் விட்டுப்போன அந்த மண்மேடு பாவம், வாய் திறக்காது. ஆனால் அதன் தூசி வெளுப்பு, நறநறவென்று இருக்கும். இது கருப்பு. தொட்டால் மை போல இழுபடும். எதுவோ எரிகிற கரி. அதைச் சொல்லத்தான் நேரக் குறிப்பைப் படித்தேன்.

கடிதம் வந்த மறுநாள் காலை ஸ்டெல்லா கடைக்குப் போனேன். இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“வாங்கண்ணே. டைரில எம்பேர எழுதினீங்களாமே?”

“பேர் எழுதலம்மா. நேரம் மட்டும்தான் எழுதினேன்.”

“அந்த நேரத்துக்கு இந்தத் தெருவுல நான் ஒருத்திதான் முழிச்சினு கீறேனா?”

நான் குனிந்து விறகு அடுப்பைப் பார்த்தேன்.

“காஸ் அடுப்புல வெச்சா இட்லி வெல ஏத்தணும். ஏத்துனா ட்ரெயின் புடிக்கிறவங்க நிப்பாங்களா? கடைய மூடிட்டு நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கரித்துகளைப் பார்த்து அது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்களில் வழி உண்டு. விறகு சமீபத்தில் உயிரோடிருந்த மரம். டீசலோ கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு. கார்பனின் வயதை அளந்தால் எது எதன் புகை என்று ஓரளவு பிரித்துவிடலாம். கரிக்கும் தேதி உண்டு! எங்கள் சங்கக் கடிதத்துக்குத்தான் இல்லை.

ஆனால் என்னிடம் இருப்பது வெள்ளைப் பீங்கான் தட்டும் ஒரு டப்பா வாசலினும். தட்டில் வாசலின் தடவி, தினமும் காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் காம்பவுண்டு சுவரில் வைப்பேன். படிவதை எழுதுவேன். டைரியைப் புரட்டினேன். திங்கள், செவ்வாய், புதன்... எல்லாம் ஒழுங்கு. ஞாயிறு காலை மட்டும் எல்லா வாரமும் காலி.

ஏன் காலி? ஞாயிறு காலை தெருவே சர்ச்சில் இருக்கும். நானும்தான். ஸ்டெல்லாவும்தான். வாரத்தில் அவர் அடுப்பு எரியாத ஒரே நாள் அது. ஆபீஸ் வேன்களும் வராது. பார்த்திருக்க வேண்டிய ஒரே நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளையும் அளந்திருக்கிறேன். இதற்குப் பெயர் ஆவணமா?

அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போகவில்லை. மனைவி கையில் பைபிளோடு வாசலில் நின்றாள்.

“பாஸ்டர் கேட்டா இன்னா சொல்றது? வூட்டுக்காரரு காத்தப் பாத்துனு கீறாருன்னா?”

“ஆமான்னு சொல்லு.”

தட்டை வைத்துவிட்டு நின்றேன். தெரு பெருக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு குவியல்: சருகு, பால் கவர், காகிதம். குப்பை வண்டி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வாசலுக்கு வாசல் ஒரு தீக்குச்சி. வெள்ளைச் சட்டை போட்ட சங்க செக்ரட்டரி செல்வராஜ் தன் குவியலைக் கொளுத்திவிட்டு, ஒரு எட்டு தள்ளி நின்று, சட்டையில் பொறி படாமல் பார்த்துக்கொண்டு, ஆராதனைக்குப் போனார்.

தினமும் நடப்பதுதான். பழகிப்போனதால் கண்ணில் படவில்லை. மூன்றாவது குவியல் எங்கள் வீட்டுடையது.

ஒன்பது மணிக்குத் தட்டு கருப்பு. மற்ற நாளைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. மதியம் அதைச் செல்வராஜிடம் காட்டினேன்.

“டம்ப் தூசி சார் இது.”

“டம்ப் தூசியில பால் கவர் பிசுக்கு இருக்குமா சார்?”

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு ஞாயித்துக்கெழம வெச்சி எப்படி சார் முடிவு சொல்றது? நீங்கதான எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்பீங்க?”

என் கத்தியாலேயே என்னைக் குத்தினார். ஒப்பந்தம் செய்துகொண்டோம். அடுத்த ஞாயிறு யாரும் கொளுத்தக் கூடாது. நான் மறுபடி தட்டு வைப்பேன். அதுவரை ஸ்டெல்லா மேல் கை வைக்கக் கூடாது.

வைத்தேன். ஒருவரும் கொளுத்தவில்லை. தட்டு ஏறக்குறைய வெள்ளை! செல்வராஜ் திங்கள் காலை கடைக்கே போய், கடிதம் ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாலு இட்லி சாப்பிட்டிருக்கிறார். இந்தக் கடிதத்திலும் தேதி இல்லை.

ஸ்டெல்லாவின் அடுப்பும் புகை விடுகிறது, மறுக்கவில்லை. அதன் பங்கு எவ்வளவு என்று என் தட்டு சொல்லாது. ஆனால் தெரு முழுக்கப் புகை விடும்போது ஒருத்தியை மட்டும் பிடித்து நிறுத்துவதற்கு என் டைரி ஆதாரம் ஆகாது.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும், மறைப்பது முறையில்லை. அந்த இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை நல்ல மழை. குவியல்கள் எல்லாம் ஊறிக் கிடந்தன. காற்று சுத்தமானது மழையாலா, மனந்திரும்புதலாலா... இன்னும் சரிபார்க்கப்படவில்லை.