மூக்கில் போன புளியங்கொட்டை

கரமனையில் காது மூக்கு டாக்டரைப் பார்க்க நானும் என் மகனும் காத்திருந்தோம். துணிக்கடை யூனிஃபார்ம் சேலையில் ஒருத்தி, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஐந்து வயதுக் குழந்தை மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டதாம். உள்ளே ஆள் இருந்ததால் அவளும் எங்களோடு உட்கார வேண்டியதாயிற்று.

என் பக்கத்தில் இருந்த மாமி அவளிடம், "மூக்குல மரம் முளைச்சுடும்னு சொல்லி வை. அப்பத்தான் பயம் இருக்கும்" என்றாள்.

"சொல்ல மாட்டேன் மாமி." மலையாள வாடையோடு பேசியவள், தன் மூக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க. நான் பட்டாணியப் போட்டுட்டு, இலை வந்துருச்சான்னு தினமும் கண்ணாடியில பார்த்தேன். பயத்துல யார்கிட்டயும் சொல்லல, கேட்டோ. கடைசியில மூக்கு நாறித்தான் வீட்டுல கண்டுபிடிச்சாங்க. இவ போட்ட உடனே ஓடி வந்து சொல்லிட்டா."

"நன்னா வளர்க்கறே, போ!" மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் கொட்டையை எடுத்துவிட்டார். வெளியே வந்தவள், மாமிக்கு முன்னாலேயே நின்று மகளிடம் உரக்கக் கேட்டாள்.

"இன்னொரு தடவ எதையாவது போட்டுட்டா என்ன செய்யணும்?"

"அம்மாகிட்ட ஓடி வந்து சொல்லணும்."

"இன்னொரு தடவையா!" மாமி தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தையின் அம்மா சிரித்தபடி படியிறங்கிப் போனாள்.

என் மகனிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.