வடத்தை அறுத்தது

றலியா கட்டுகஸ்தோட்டைக்கு மருமகளாக வந்த நாள் முதல் அந்த வீட்டு வண்டிக்கு வடம் முறுக்கியது அவள்தான். கித்துள் பனை நாரை ஊறவைத்து, மூன்று புரியாக்கி, உள்ளங்கை காய்த்துப்போகும்வரை முறுக்குவாள். வெள்ளிக்கிழமையானால் குடும்பம் முழுவதும் அந்த வண்டியில் ஏறிக் கண்டிக்குப் போகும். மற்ற நாட்களில் அவள் புருஷன் சாஹுல் ஹமீது மடுல்கெல்லைத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகளை ஏற்றிக் கண்டி ரயிலடியில் இறக்குவான். இரண்டு சக்கரங்களுக்கும் பின்னால் குறுக்கே ஒரு பலாக்கட்டை தொங்கும். சரிவில் வடத்தை இழுத்து முளையில் சுற்றினால் கட்டை சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும். அது பிடிக்காவிட்டால் அத்தனை மூட்டையும் மாடுகளின் முதுகில்தான்.

அன்று பிடிக்கவில்லை.

வத்தேகமைக்கு மேலே உள்ள சரிவில் வடம் தெறித்தது. இடப்பக்க மாடு கழுத்தொடிந்து விழுந்தது. அதன்மேல் வண்டி ஏறி, சாஹுல் ஹமீதின் வலது காலைப் பாறையோடு வைத்து நசுக்கியது. பொழுது உச்சிக்கு வந்த நேரத்தில் அவனை ஒரு கதவுப்பலகையில் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. றலியா தன் தோளில் கிடந்த கவணித் துணியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். இரத்தம் மட்டுப்பட்டது. அப்போதுதான் முற்றத்தில் சவுக்குச் சத்தம் கேட்டது.

வண்டியையும் மிச்சமிருந்த மாட்டையும் இழுத்து வந்திருந்தார்கள். கூடவே மூட்டை ஏற்றும் பழனியாண்டியையும். பலாமரத்தில் அவனைக் கட்டி, மாட்டுச் சவுக்கால் விளாசிக்கொண்டிருந்தான் கொழுந்தன் மஹ்மூத். பழனியாண்டியின் முதுகுத்தோல் கீற்றுக் கீற்றாகத் தொங்கியது. ஒரு வீச்சு முகத்தில் விழுந்து, இடது கண் இருந்த இடம் சதையாக வீங்கிக் கிடந்தது. சுற்றி நின்ற பத்துப் பதினைந்து வண்டிக்காரர்களில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

"காலையில நானா இவனுக்குக் கன்னத்துல அடிச்சிருக்காரு. அந்தக் கோவத்துல இவன் வடத்த வெட்டீட்டான்," என்றான் மஹ்மூத், உள்ளே கிடந்த அண்ணனைக் காட்டி. கோப்பிச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியொன்றை உயர்த்திக் காட்டினான். "இவன்ட இடுப்புல சொருகி ஈந்திச்சு."

"நான் வெட்டலைங்க," என்றான் பழனியாண்டி. அதைச் சொல்லிச் சொல்லி அவன் குரல் கம்மிவிட்டிருந்தது.

றலியா வண்டியடிக்குப் போய், அறுந்த வடத்தைக் கையில் எடுத்தாள். கத்தி பட்டால் நார்கள் ஒரே அளவில் நிற்கும். இங்கே ஒன்று நீளம், ஒன்று குட்டை. நுனியெல்லாம் அச்செண்ணெய்க் கறுப்பு. அதற்குள் செந்துரு.

"மஹ்மூத், அடிக்காதீங்க. இது வெட்டினதில்ல. தேஞ்சு அறுந்தது."

"மதினி, உள்ளுக்குப் போங்க."

"இந்த வடம் நான் முறுக்கினது."

"அப்ப உங்கட வடந்தான் என்ட நானாட கால எடுத்திச்சு," என்றான் அவன்.

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. றலியா அறுந்த நுனியை மறுபடி பார்த்தாள். தன் வடம்தானா? நாரில் உளுத்தது ஏதும் கலந்துவிட்டதா? அவள் வண்டிக்கடியில் ஊர்ந்து போனாள். வடம் வரும் வழியைக் கையாலேயே தடவினாள். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தின் இரும்பு வளையம் ஓரிடத்தில் வெள்ளியாய் மின்னியது. மற்ற இடமெல்லாம் துரு. அண்ணாந்து பார்த்தாள். வண்டிச் சட்டத்தில் வடம் நுழையும் பழைய துளையில் மரத்தை அடித்து அடைத்திருந்தார்கள். ஒரு சாண் தள்ளி, சக்கரத்தை ஒட்டிப் புதிதாக ஒரு துளை.

"இந்தத் துளைய யாரு போட்டது?"

 உள்ளேயிருந்து சாஹுல் ஹமீதின் முனகல் மட்டும் கேட்டது.

"நான்தான்," என்றான் மஹ்மூத். "வடத்தத் தள்ளினாத்தானே பின்னுக்கு ரெண்டு மூட்ட கூட வைக்க எடம் வரும்?"

அவள் அச்சுக்கடியில் உரலை முட்டுக்கொடுக்கச் சொன்னாள். சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பியது. மிச்ச வடத்தைப் புதிய துளையில் கோத்து, ஒருவனை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தானே சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். தளர்ந்திருந்தவரை வடம் எங்கும் படவில்லை. இறுக்கியதும் வளையத்தில் போய் உரசியது. நார் தூள்தூளாகப் பறந்தது. புகை நெடி எழுந்தது. நூறு சுற்றுக்குள் ஒரு புரி அறுந்தது.

"சமதரையில தெரியாது. எறக்கத்துல இழுத்துப் பிடிச்சாத்தான் அறுக்கும்," என்றாள்.

வண்டிக்காரர்கள் தலையைக் குனிந்தார்கள். மஹ்மூத் குனியவில்லை. தன் கையால் போட்ட துளையை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் என்ற வெறி அவனுக்கு. சவுக்கை ஓங்கிக்கொண்டு மறுபடியும் மரத்தடிக்குப் பாய்ந்தான். குறுக்கே போன றலியாவின் தோளில் அடி விழுந்து சட்டை கிழிந்தது. இரண்டாம் முறை அவன் கையை ஓங்கியபோது அவள் பக்கத்தில் நின்ற வண்டியின் தடைக்கட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவள் நின்று பார்க்கவில்லை. கட்டை மறுபடி வண்டிக்கு வேண்டும். அடைத்த துளையை உளியால் திறந்தாள். வீட்டில் முறுக்கி வைத்திருந்த புது வடத்தைக் கோத்தாள். கட்டையில் ஊறியிருந்த எண்ணெயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தெடுத்தாள். அடுத்த வீட்டு ஆஸியா உம்மா தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நுகத்தில் பூட்டினாள்.

அந்த வண்டியில் மூன்று பேரைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனாள் றலியா. நடுவில் புருஷன். ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு மஹ்மூத். மறுபக்கம் மரத்திலிருந்து அவிழ்த்துக் குப்புறப் படுக்கவைத்த பழனியாண்டி. கண்டியை நெருங்கும் மஹியாவை ஊர்ச் சரிவில் வண்டி முன்னுக்குத் தள்ளியது. அவள் காலை ஊன்றி வடத்தை இழுத்தாள். தோளில் துணி கட்டியிருந்த காயம் பிளந்து இரத்தம் முழங்கைவரை வழிந்தது. கட்டை கிறீச்சிட்டு இறுகியது. வண்டி மாடுகளுக்குப் பின்னால் பணிந்து இறங்கியது.

சாஹுல் ஹமீதின் காலைத் தொடையோடு வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. பழனியாண்டியின் கண் போய்விட்டது. எட்டாம் நாள் அவள் கஞ்சி கொண்டுபோனபோது அவன் அதை வாங்கவில்லை.

"நீங்க நல்லவங்கதாம்மா," என்றான். "ஆனா வடத்தப் பாக்க முந்தி என்னயப் பாத்திருக்கலாம். அவுத்து விட்டுட்டுப் பாத்திருக்கலாம்."

 அது உண்மை. வடத்தைத் தடவி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டிய அவ்வளவு நேரமும் அவன் மரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு பதினோரு வருஷம், இலைநோய் வந்து கோப்பித் தோட்டங்கள் கருகும்வரை, அவளே மடுல்கெல்லைக்கு வண்டி ஓட்டினாள். மஹ்மூத் கோணல் கையோடு வேறு வீடு போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவளோடு பேசவில்லை. பழனியாண்டியை அவள் தோட்டம் தோட்டமாக விசாரித்தாள். அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.