மோட்டார்சைக்கிளை இறக்கிய இடம்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெக்கர் விடுமுறைக்குப் புறப்படும் முன் கரண்டிகளை நிறுப்பார். ஒவ்வொரு மே மாதமும் அவரும் மனைவியும் தங்கள் வோன்மொபிலில் தெற்குப் பக்கம் போவார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே அடங்கிய, சில்லுப் பூட்டிய ஒரு சின்ன வீடுதான் வோன்மொபில். அதற்குள் போகும் கோப்பைகள், சட்டிகள், சப்பாத்துகள், வாசிக்கும் புத்தகங்கள் ஒவ்வொன்றையும் அவர் முற்றத்து மேசையில் தராசை வைத்து நிறுக்க, அந்த அம்மா ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். முதல் தடவை குசினி யன்னலால் அதைப் பார்த்து நானும் மனைவி சுகந்தியும் விழுந்து விழுந்து சிரித்தோம். "போற இடத்திலை கரண்டி இல்லையாமே, இல்லாட்டிக் கரண்டிக்கும் டிக்கெட் எடுக்கோணுமோ?" என்றாள் அவள்.

இத்தனைக்கும் நிறை பார்ப்பதுதான் என் தொழில். பிராங்பேர்ட் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இருபத்தாறு வருடங்களாக வேலை செய்கிறேன். ஒரு பெட்டியைப் பார்த்தாலே ஏறத்தாழ எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். அளவுக்கு மேல் ஐந்து கிலோ இருந்தாலும் இறக்கச் சொல்வேன், யார் கெஞ்சினாலும் கேட்கமாட்டேன். ஆனால் அது ஊராருடைய சரக்கு. தன் வீட்டுச் சாமானை ஒரு மனிதன் நிறுப்பான் என்பது அப்போது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது. கோடையில் வோன்மொபில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறப்படும் எங்கள் ஆட்களுக்காகவும், ஊரிலிருந்து எங்கள் படங்களைப் பார்த்துச் சந்தோசப்படும் உறவுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். அந்தப் படங்களில் தெரியாத ஒன்றைப் பற்றியது இது.

எங்கள் மகன் ஆரூரனுக்கு இருபத்துமூன்று வயது. ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து மின்சார வேலையில் சேர்ந்ததும் தன் சொந்தச் சம்பளத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கினான். வாங்கிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். சுகந்தி இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. நான் கதைத்தேன், ஆனால் அவன் அதில் ஏறிப் போகும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை ஒரு வேலையும் ஓடாது. இத்தனைக்கும் அவன் வயதில் நானே ஓடித் திரிந்தவன்தான். பெற்றோல் வராத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மோட்டார்சைக்கிள்களை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். கார்ப்பரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை போகும். ஒரே மோட்டார்சைக்கிளில் மூன்று பேர், மடியில் ஒரு மூட்டை, தலையில் ஒன்றும் இல்லை. பயம் என்று ஒன்று இருந்தால் அது வானத்தில் போர்விமானத்தின் இரைச்சல் கேட்டால் மட்டும். ஓடுகிற வாகனத்துக்குப் பயப்பட வேண்டும் என்பதை நான் இந்த நாட்டில், தகப்பனான பிறகுதான் படித்தேன்.

போன கோடையில் கெம்ப்டனில் இருக்கும் சுகந்தியின் தம்பி மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா, வைத்தார்கள். அதற்குப் போய்விட்டு அப்படியே அல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு கிழமை நிற்கலாம் என்று திட்டம். தான் மோட்டார்சைக்கிளில் வருவதாகவும், மலைப்பாதைகளில் ஓட ஆசை என்றும் ஆரூரன் சொன்னான். மலையில் ஓடு, ஆனால் அவுட்டோபான் அதிவேகச் சாலையில் வேண்டாம் என்றேன் நான். இரண்டு பேருக்கும் சரிவந்த வழியாகத்தான் பின்னால் மோட்டார்சைக்கிள் ஏற்றும் தட்டுப் பூட்டிய வோன்மொபில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பெக்கர் வந்து சுற்றிப் பார்த்தார். பின்னால் ஏற்றினால் முன்சில்லு இலேசாகும், ஸ்ரேயரிங் பிடிக்காது, கனமானதை எல்லாம் நடுவில் வையுங்கள் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும். நான் கணக்குப் பார்த்திருந்தேன். மோட்டார்சைக்கிள் நூற்று அறுபத்தைந்து கிலோ, நாங்கள் மூன்று பேர், தண்ணீர், காஸ், உடுப்பு எல்லாம் சேர்த்துச் சட்டம் அனுமதிக்கும் நிறைக்குள் வந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

ஏற்றியதும் நான்தான், கட்டியதும் நான்தான். முன்சில்லைத் தாங்கும் கவரின் சுருள்கள் பாதியளவு அமரும்வரை இரண்டு பட்டிகளை முன்னால் இறுக்கினேன். பின்னால் இரண்டு. தளர்ந்தால் சைக்கிள் ஆடும், அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சுருள் பழுதாகும். பத்துக் கிலோமீற்றர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கினேன். ஆரூரன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா கட்டினால் பூமி சுத்துறதே நிண்டிடும்."

"நிண்டால் நல்லதுதானே, நீ எங்கையும் போகமாட்டாய்" என்றேன்.

வழியில் ஸ்ருட்காட்டில் சுகந்தியின் அக்கா வீடு. சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது வாசலில் சாமான்கள் வரிசையாக இருந்தன. ஐந்து அரிசி மூட்டைகள், சமையலுக்கு ஒரு பெரிய கிடாரம், அதற்கு மூடி, பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, பலகாரம் அடைத்த தகரங்கள். "தம்பி, உதிலை இடம் கிடக்குதுதானே. பாவம், கெம்ப்டனிலை அவன் தனிய என்னெண்டு எல்லாத்தையும் பாக்கிறது" என்றார் அக்கா. ஏற்றாதே என்று என் கண் சொன்னது. இருநூற்று முப்பது கிலோ வரும், முழுவதும் பின்பக்க அறைக்குத்தான் போகும். வேலையிடத்தில் ஒரு அந்நியர் இப்படிச் செய்திருந்தால் வாயைத் திறக்க விட்டிருக்கமாட்டேன். ஆனால் சாமத்தியவீட்டுக்குப் போகிற வாகனம், மனைவியின் அக்கா, வாசலில் அத்தானும் நிற்கிறார். நாங்கள் யாரும் இந்த நாட்டில் உறவுக்காரர் வீட்டிலிருந்து 'இது பாரம்' என்று சொல்லி இறங்கியதில்லை. "கிடக்குது அக்கா, ஏத்துங்கோ" என்றேன். ஆரூரன் என்னைப் பார்த்தான். "அப்பா, நிறை?" என்றான் மெதுவாக. "சும்மா இரு" என்றேன் நான்.

உல்ம் நகருக்குக் கிட்ட, அவுட்டோபானை ஒட்டிய தரிப்பிடத்துக்குள் பொலிசார் எங்களைத் திருப்பினார்கள். விடுமுறைக் காலத்தில் வோன்மொபில்களை நிறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சில்லுகளுக்குக் கீழே தட்டையான தராசுகளை வைத்தார்கள். இருநூற்றுப் பத்துக் கிலோ அதிகம். இளம் பொலிஸ் பெண் ஒருத்தி, மரியாதையாகத்தான் சொன்னாள், இப்படியே போக விட முடியாது என்று. நான் பணப்பையை எடுத்து, தண்டம் எவ்வளவு, இப்போதே கட்டிவிட்டுப் போகிறோம் என்றேன். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

"தண்டம் கட்டினால் வாகனம் இலேசாகாதே, ஐயா."

தண்ணீரைத் திறந்து விட்டோம். தொண்ணூறு கிலோ குறைந்தது. இன்னும் நூற்றிருபது. சாமான்களை இங்கே இறக்கிவிட்டு யாரையாவது வந்து எடுக்கச் சொல்லுங்கள், காத்திருக்கலாம் என்றாள் அவள். ஸ்ருட்காட் ஒரு மணித்தியாலத் தூரம். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. நான் சுகந்தியைப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, அக்காவுக்கு எடுத்து இதைச் சொல்லேலுமே? ரெண்டு மூட்டை கொண்டுபோகத் தெரியாத ஆக்கள் எண்டு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. பொலிசு மறிச்சதெண்டு ஊருக்கே கதை போகும்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். சுகந்தி வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆரூரன் கிடார மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அம்மா, கிடாரத்தை நான் ஹெல்மெற்றாப் போட்டுக்கொண்டு ஓடுறன். பிரச்சினை முடிஞ்சுது."

"விசரா, பகிடி விடுற நேரமே?"

பொலிஸ் பெண்ணுக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் அவன் சிரித்தது விளங்கியது. அவனிடம் திரும்பி, மோட்டார்சைக்கிள் உங்களுடையதா, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். ஆம் என்றான். அப்படியானால் நீங்கள் அதை ஓட்டிக்கொண்டு போகலாம், அது உங்கள் விருப்பம் என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, தொண்ணூறு கிலோமீற்றர்தானே. நான் உங்களுக்குப் பின்னாலையே வாறன்" என்றான் அவன். நான் அரிசி மூட்டைகளை ஒரு தரம் பார்த்தேன். பிறகு "ஓம்" என்றேன். நான் இறுக்கிய நான்கு பட்டிகளையும் நானே கழற்றினேன்.

அரை மணித்தியாலம் கழித்து, மழை தொடங்கிய நேரம், பக்கக் கண்ணாடியில் அவனைக் காணவில்லை. முன்னுக்குப் போயிருப்பான் என்றாள் சுகந்தி. அவுட்டோபானில் திரும்ப முடியாது. அடுத்த வெளியேறும் பாதை வரைக்கும் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு சரக்கு வான் பாதை மாறியபோது அவனைக் கவனிக்காமல் இடித்துவிட்டதாம். ஓட்டியவர் நிறுத்தி, அழுதுகொண்டே அம்புலன்சுக்கு எடுத்தாராம். நாங்கள் சுற்றித் திரும்பி வந்தபோது ஹெலிகொப்டர் போய்விட்டது. பாதையோரத் தகரத் தடுப்பு வேலிக்குப் பக்கத்தில் மழையில் நனைந்தபடி மோட்டார்சைக்கிள் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் ஒரு மணித்தியாலம் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மகனுக்கு நினைவு இருக்கிறது, அவர் வயது வந்தவர், அவர் சம்மதித்தால்தான் உங்களோடு கதைக்கலாம் என்றார் தாதி. நான் தகப்பன் என்றேன். தெரியும் என்றார், தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று வைத்தியர் அவனுக்குத்தான் சொன்னார். அவன்தான் கையெழுத்து வைத்தான். எங்களுக்குத் தெரியவந்தபோது அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அந்த நடைபாதையில் இருந்தபோது யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கிளாலிக் கரை ஞாபகத்துக்கு வந்தது. நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் அது. என் பயணத்துக்காக வீட்டிலிருந்த மோட்டார்சைக்கிளை அக்கரையில் விற்க ஏற்பாடு. வள்ளத்தில் சைக்கிளைச் சரித்து ஏற்றியதும் விளிம்பு தண்ணீருக்கு மேல் நான்கு விரற்கடை அளவுக்கு இறங்கிவிட்டது. ஓட்டி கண்ணால் ஒரு தரம் அளந்துவிட்டு, "ஒராள் இறங்குங்கோ" என்றார். யார் என்று சொல்லவில்லை. என்னோடு வந்த ஐயா, என் தகப்பன், உடனே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். "நீ போ, நான் பிறகு வாறன்" என்றார். அவர் வரவில்லை, போரில் வழி அடைபட்டுப் போயிற்று. வீட்டுக்குத் திரும்பி, பல வருடம் இருந்து, நான் இங்கே விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் காலமானார். பாரம் கூடியபோது என் ஐயா இறங்கினார். பாரம் கூடியபோது நான் என் மகனை இறக்கினேன், அரிசியை ஏற்றிக்கொண்டு போனேன்.

சாமத்தியவீடு நடந்தது. சுகந்தியின் தம்பி வந்து சாமான்களை எடுத்துப் போனான், மண்டபம் எடுத்தாயிற்று, ஆட்கள் வந்தாயிற்று, வேறு வழியில்லை. அடுத்த நாள் அந்த அரிசியில் சமைத்த சோற்றைப் பொதி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் பொதியைத் திறக்கவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து தலையில் அடித்து அழுதார். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் பறந்து வந்திருப்பனே, தம்பி" என்றார். வந்திருப்பார். அவர் எங்களைச் சொல்லிக்காட்டியிருக்கவும் மாட்டார் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, அவனோடு தனியாக இருந்த ஒரு பின்னேரம், நான் மனதில் கிடந்ததைச் சொன்னேன். "நான் ஓம் எண்டு சொல்லியிருக்கக்கூடாது, ஆரூ. என்ரை பிழை." அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அப்பா, நீங்கள் ஓம் எண்டதாலை நான் ஓடேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டிருந்தாலும் ஓடியிருப்பன். அது என்ரை முடிவு. தயவுசெய்து அதை என்னட்டை இருந்து எடுக்காதேங்கோ."

அவன் என்னை மன்னித்தானா, அல்லது தன் வாழ்க்கைக்கு வெளியே ஒரு கதிரை போட்டு இருத்தினானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பாவத்தையாவது தகப்பன் சுமக்கலாம். இங்கே அதற்கும் அவனுடைய சம்மதம் வேண்டும். பெக்கர் ஒருநாள் வாசலில் என்னைக் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

இப்போது அவன் ரேஹா என்ற மறுவாழ்வு நிலையத்தில், செயற்கைக் காலோடு நடக்கப் பழகுகிறான். போன செவ்வாய்க்கிழமை என்னை உள்ளே வர அனுமதித்தார்கள். நீண்ட கூடம், இரண்டு சமாந்தரக் கம்பிகள், அவற்றுக்கு நடுவே அவன். பயிற்சி கொடுக்கும் பெண் என்னைக் கம்பிகளின் மறுமுனையில் நிறுத்தினாள். அவன் முதல் அடி வைத்தபோது என் கைகள் தாமாகவே நீண்டன, ஒரு வயதுப் பிள்ளையை வாவா என்று கூப்பிடுவதுபோல. "கைகளைக் கீழே விடுங்கள்" என்றாள் அவள். விட்டேன். அவன் கிட்ட வந்ததும், "ஒரு அடி பின்னால் போங்கள்" என்றாள். போனேன். அவன் இன்னொரு அடி வைத்தான். "இன்னும் ஒன்று." கம்பிகள் முடிந்துவிட்டன, அவன் கைகள் வெறுங்காற்றில் இருந்தன, நெற்றியால் வியர்வை வழிந்தது, அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் ஒரு அடி வர நான் ஒரு அடி போனேன். எங்களுக்கு நடுவே இருந்த தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் முதுகு சுவரில் முட்டியது. இன்னும் போங்கள் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், நீட்டவும் ஏலாத மடக்கவும் ஏலாத கைகளோடு, நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவன் வந்துகொண்டிருந்தான்.