நான்காவது நாற்காலி

போன ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலேசியாவில் ஜொகூர், மாசாயில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது. என்ன நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். குடும்பமாக உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம், அவ்வளவுதான்.

நான் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பதினோரு வருடமாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன். விடிவதற்கு முன் கிளம்பி, நெரிசலில் வெந்து, மழையில் நனைந்து, வீடு வந்து சேர எட்டு மணியாகிவிடும். எனக்கென்று இருப்பது ஞாயிறு ஒருநாள்தான். அன்றைக்கு அடிதடிப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, பாதியில் குறட்டை விடுவது என் வழக்கம்.

அன்று தொலைக்காட்சி மகள் கையில். ஓர் ஐரோப்பியப் படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்களாம் கல்லூரியில். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு சாதாரணக் குடும்பம். அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார், எல்லோரும் சூப் குடிக்கிறார்கள். மறுநாளும் சூப்.

"இதுக்கு நம்ம வீட்டுலயே கேமராவ வச்சிருக்கலாம் லா," என்றேன்.

மகன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் தங்காக்குக்குப் போவதாக இருந்தது. அங்கே துணிக்கடை வைத்திருக்கும் தங்கைக்குப் பண்டிகை நெரிசலில் ஒரு மாதம் ஒத்தாசை என்று சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன்.

படம் முக்கால்வாசி ஓடிய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த வீட்டுப் பெண்மணி சாப்பாட்டு மேசையில் ஒருமுறைகூட உட்காரவில்லை. பரிமாறுகிறாள், ரொட்டி எடுத்து வருகிறாள், அடுப்படியில் நின்றபடியே தன் கிண்ணத்தைக் காலி செய்கிறாள். புருஷன்காரன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அலமாக், அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அந்தம்மா உட்காரவே இல்லையே!"

மகள் படத்தை நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மேசைக்கு நான்கு நாற்காலி. ஒன்று எனக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு. நான்காவதில் என் ஹெல்மெட், மழைக்கோட்டு, கையுறை, வேலைப்பை. வீட்டுக்குள் வந்ததும் அதில்தான் போடுவேன். காலையில் இருட்டில் தேடாமல் எடுத்துக்கொண்டு கிளம்ப வசதி. கல்லிலிருந்து தோசை சுடச்சுட வந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவள் எப்போது சாப்பிட்டாள், எங்கே நின்று சாப்பிட்டாள் என்று இந்தப் பதினோரு வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"பேசாம பாருங்க, முடியப்போவுது," என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

மகள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். கடைசியில் அந்தப் பெண் ஒரு சின்னப் பெட்டியோடு ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். படம் முடிந்துவிட்டது.

"திரும்பி வருவாளா, மாட்டாளா?" என்று மகளைக் கேட்டேன்.

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கப்பா."

படுக்கையறை வாசலில் மனைவி கட்டி வைத்திருந்த பை தெரிந்தது. "ஒரு மாசந்தானே?" என்று மெல்லக் கேட்டேன். மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்தவள், "பாப்போம்ங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே முன்வாசல் சுவரில் ஆணி அடித்து என் சாமான்களை எல்லாம் அங்கே மாட்டினேன். மழைக்கோட்டின் ஈரத்தில் ஊறி ஊறி அந்த நாற்காலியின் மெத்தை வெடித்துப் போயிருந்தது. துடைத்துத் துண்டு விரித்தேன். தோசையும் நானே ஊற்றினேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. மனைவி, விருந்துக்கு வந்தவள் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு தோசை சாப்பிட்டாள்.

"சூடா சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு," என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, கல்லில் இருந்த தோசையைக் கருக விட்டேன்.

ஆனாலும் மறுநாள் போய்விட்டாள். தினமும் போன் செய்வாள், பிள்ளைகளை விசாரிப்பாள், வைத்துவிடுவாள். இரண்டாவது வாரம் ஒருநாள், "நாற்காலியில இப்ப என்னா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. படம் எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் கேட்காமலே, வேலை முடிந்து வந்ததும் காலி நாற்காலியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். பிள்ளைகள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பத்தொன்பதாம் நாள் நனைந்துபோய் வந்து, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் படம் எடுக்க உள்ளே போனேன். தங்காக்குக்குக் கொண்டுபோன பை காலடியில் இருக்க, அவள் அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போதெல்லாம் யார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், முதல் வாய் எடுத்து வைப்பதற்கு முன், இங்கே யார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.