ஸ்டெல்லா கேட்ட கடிதம்

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பழைய அலுவலக நண்பர் கூப்பிட்டார். “ஸ்டெல்லா தவறிட்டாப்பா. காய்ச்சல்தான். நேத்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க” என்றார். அழுகை வருவதற்கு முன் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் பயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர்கள். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நான் சின்ன காஞ்சிபுரம், தறி போடும் வீட்டுப் பையன். மாதாமாதம் அரசு உதவி வாங்குபவர்களை நேரில் பார்த்துப் பட்டியலில் குறிக்க வேண்டும். திருப்புட்குழியில் ஒரு தெரு மிச்சமிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒதுங்கியபடியே கடைசி மூன்று பெயர்களுக்கு எதிரே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதில் ஒருவர், தணிகாசலம், மூன்று சக்கர வண்டியில் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு காலும் விளங்காதவர். உதவி நின்றுபோயிருந்தது. “நான் எங்கியும் போவலப்பா. கதவ பூட்டறதே இல்ல. யார்னா வந்தா எழுந்து வந்து தொறக்க முடியாதுல்ல?” என்றார். வேலை போய்விடும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அப்போது என் யோசனை.

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். “நீ அந்தத் தெருவுக்கே போவல, இல்ல?” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. அன்று மதியமே என்னை ஸ்கூட்டியில் உட்காரவைத்து அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மன்னிப்புக் கேட்டேன். “மழையில நனையாட்டி போவுது, மறுநாள் வந்திருக்கலாமே” என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பட்டியலை அவளே உடனிருந்து சரிசெய்ய வைத்தாள்.

அடுத்த வருடம் ஓர் அறக்கட்டளையின் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தேன். பொதுப்பணிக்கு வர விரும்பும் பட்டதாரிகளின் மேற்படிப்புச் செலவு முழுவதையும் அவர்கள் ஏற்பார்கள். வேலையில் நம்மை நேரில் அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஸ்டெல்லாவைக் கேட்டேன். ஒரே பக்கம் எழுதினாள்: ‘இவர் போகாத தெருவுக்குப் போனதாக எழுதினார். பிறகு போய் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் எந்த வீட்டையும் விட்டதில்லை. இன்னும் பயந்துகொண்டே வேலை செய்கிறார். அதனால் பரிந்துரைக்கிறேன்.’

“படிச்சிக்கோ. வேணாம்னா வேற யாராண்டனா வாங்கிக்கோ. கோச்சிக்க மாட்டேன்” என்றாள். மேலதிகாரி ஒருவர் என்னை வானளாவப் புகழ்ந்து கொடுத்த கடிதமும் கையில் இருந்தது. “இன்னாத்துக்குடா வம்பு, பெரியவரு குடுத்தத அனுப்பு” என்றார் அப்பா. கடைசி நாள்வரை குழம்பிவிட்டு ஸ்டெல்லாவின் கடிதத்தையே அனுப்பினேன். பெரிய நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். அதை ஒதுக்கிவிட்டு தினமும் அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

நேர்காணலில் இருந்த மூவரில் ஓர் அம்மையார் அந்தக் கடிதத்தை மட்டும் கையில் வைத்திருந்தார். “அந்த வீட்டுக் கதவு எப்படி இருந்தது?” என்று கேட்டார். “பூட்டு மாட்ட நாதாங்கியே இல்லைங்க மேடம்” என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. இடம் கிடைத்தது. இன்று வேறொரு மாவட்டத்தில் அரசு வேலையில் இருக்கிறேன்.

போன மாதம் ஸ்டெல்லா போன் செய்தாள். “இந்த வருஷம் அந்த ஸ்காலர்ஷிப்புக்கு நானும் போடறேன். எனக்கு நீ எழுதித் தாப்பா.” அன்றே எழுதி அனுப்பினேன். எல்லாம் புகழ்ச்சி. சிரித்தாள். “இதுல நான் எங்கப்பா இருக்கேன்? காலண்டர் சாமி மாதிரி இருக்குது. என் தப்பு ஒண்ணு எழுது.” தப்பை எழுதி அவள் வாய்ப்பைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாக்குச் சொல்லக் கூப்பிட்டேன். குரல் கம்மியிருந்தது. “நாலு நாளா காய்ச்சல். நான் பாத்துக்கறேன், நீ லெட்டர முடி” என்றாள். நம்பினேன். ஊரில் எனக்கு இத்தனை பேர் இருந்தும், ஒருவரையாவது அவள் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லவில்லை. மறுபடியும் போகாத ஒரு வீடு; வெள்ளிக்கிழமை வந்த பயம் அதுதான்.

சனிக்கிழமை அடக்கத்தின்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் லெட்டர் வரும்னு செல்போன பக்கத்துலயே வெச்சிக்கினு இருந்தாப்பா” என்றார்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி இன்னும் முடியவில்லை. நேற்று உட்கார்ந்து எழுதினேன்: ‘ஸ்டெல்லா யாருக்கும் பொய் எழுத மாட்டார். ஆனால் தன்னைப் பற்றி மட்டும் பொய் சொல்வார். உதவி கேட்க மாட்டார். நான் பாத்துக்கறேன் என்று அவர் சொன்னால் நம்பக் கூடாது. அவரைப் பரிந்துரைக்கிறேன்.’

இனி அதை அறக்கட்டளைக்கு அனுப்ப முடியாது. அவளை அறிந்த உங்களுக்கு அனுப்புகிறேன். பயத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.