செல்வம் அண்ணன் பார்த்த படம்

வெகுநேரம் ஓடிய வீடியோ டெக்கிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை ஒன்று கிளம்பும். சின்ன அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களின் வேர்வையும் தலையில் வாடிய மல்லிகையும் அதோடு கலந்துகொள்ள, எங்களுக்குச் சினிமா என்றால் அந்த வாசனைதான். விருத்தாசலத்தில், பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் "டெக்கு" வைத்திருந்தது மும்தாஜ் அக்கா வீடு மட்டுமே. கணவர் துபாயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கதவை அகலத் திறந்து, "வாங்க, எல்லாரும் உள்ள தள்ளி ஒக்காருங்க" என்பார்.

எதிர்வீட்டுச் செல்வம் அண்ணன் வாசற்படி ஓரமாகத்தான் உட்காருவார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை, காது மூக்கு சிதையாமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைப்பது சூளையில் அவருக்கு வேலை. படத்தில் வெட்டுக்குத்து வந்தால் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். சின்னப் பிள்ளைகளான நாங்கள்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவருடைய அக்கா தனத்தைப் பெண்ணாடம் பக்கம், கரும்பு டிராக்டர் ஓட்டும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். உதடு கிழிந்தும் கை வீங்கியும் தனம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவதைத் தெருவே பார்த்தது. ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் கூடிப் பேசி, "அடிக்கிற கைதான் அணைக்கும்", "வாழப்போன எடத்துல பொண்ணுதான் பொறுத்துப் போவணும்" என்று முடித்துவைக்க, அவருடைய அம்மாவே தலைக்குப் பூ வைத்து, பஸ் ஏற்றிவிட்டு வருவார்.

ஒரு கோடையில் அப்படி வந்த தனம் அக்கா திரும்பிப் போக மறுத்துவிட்டார். சில நாள் கழித்து மாப்பிள்ளை வந்து, தலைமயிரைப் பிடித்துத் தெருவோடு அவரை இழுத்துக்கொண்டு போனார். குழாயடியில் நின்றிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து, விறகு வெட்டும் அரிவாளோடு செல்வம் அண்ணன் ஓடி வந்தார். கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாப்பிள்ளையின் உயிர் போய்விட்டது. அண்ணன் எங்கும் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை வாசலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. முந்தின ஞாயிறு பார்த்த படத்தில் ஒரு தம்பி அக்காளுக்காக அரிவாள் எடுப்பான், ஆகவே "படம் பாத்துக் கெட்டான்." கேசட்டுகளைக் கொளுத்த வேண்டும் என்று பெரியவர்கள் வந்து நின்றபோது மும்தாஜ் அக்கா அவரே எடுத்து வந்து கொடுத்தார். "ஒங்க புள்ளைங்களும் பாத்துச்சு, எம்புள்ளைங்களும் பாத்துச்சு" என்றார்.

அந்தப் பேச்சை எல்லோரையும்விட இறுகப் பிடித்துக்கொண்டவர் செல்வம் அண்ணனின் அம்மா. "அந்தப் படத்தப் பாக்காம இருந்திருந்தா எம்புள்ள நல்லா இருந்திருப்பான்" என்று சாகும்வரை சொல்லி அழுதார். நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது, அந்தப் படத்தை விட்டுவிட்டால், மகளைப் பஸ் ஏற்றிவிட்ட தன் கையைத்தான் அவர் நினைக்க வேண்டியிருந்திருக்கும். படத்துக்குப் பங்கே இல்லை என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். அரிவாளை எடுக்கலாம் என்ற நினைப்பை அது கொடுத்திருக்கலாம். அந்தக் கோபம் படத்திலிருந்து வந்ததல்ல.

இப்போது டெக்கும் இல்லை, கேசட்டு வாடகைக்கு விட்ட கடையும் இல்லை. கேசட்டுகள் எரிந்த அந்த மாதமே மும்தாஜ் அக்கா மங்கலம்பேட்டையிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார். செல்வம் அண்ணன் ஜெயிலிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். நல்லூரில் தனியாக இருக்கும் தனம் அக்காவைச் சென்ற மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பேச்சு தம்பியிடம்தான் வந்து நின்றது.

"என்ன படம், என்ன படம்னுதான் எல்லாரும் கேட்டாங்க. போலீஸு கேட்டாங்க, கோர்ட்டுலயும் கேட்டாங்க. ஒனக்கு என்னம்மா நடந்துச்சுன்னு என்னைய ஒருத்தரும் கேக்கல."

நல்லூர் பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. "ஒங்களுக்கு என்னக்கா நடந்துச்சு?" என்று நான் கேட்டேன், மெல்லச் சொல்லத் தொடங்கினார்.